தெருவுக்கு ஒரு மாத மடல்: நலச்சங்கம் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் பகுதி தென்சென்னையின் ஓரத்தில் இருக்கிறது. 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெரிதாக்கியபோது நாங்களும் உள்ளே வந்தோம். சங்கம் அதற்கு முன்பே இருந்தது. சந்தா வாங்குவோம், பொங்கலுக்குக் கோலப் போட்டி வைப்போம், தெருவிளக்கு எரியாவிட்டால் மனு கொடுப்போம், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் கடைசித் தெருவை ஒட்டிய காலி மனையைக் குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருப்பதாகப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு மட்டும். தெருப் பெயர் கிடையாது. எங்களில் இரண்டு பேர் அதே பத்திரிகையை அன்றைக்குக் காலையில் படித்திருக்கிறார்கள், கண்ணில் பட்டும் இருக்கிறது, ஆனால் அது நம் தெருமுனை என்று இருவருக்குமே தெரியவில்லை. ஏனென்றால் எங்களில் யாருக்கும் எங்கள் சர்வே எண் தெரியாது. விஷயம் காதுக்கு வந்தபோது ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் மாத மடலை ஆரம்பித்தோம். ஏ4 தாளில் இரண்டு பக்கம். நடந்து முடிந்ததை விட, இனி நடக்கப்போவதையும் அதற்குள் நாம் செய்ய வேண்டியதையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். அதை எப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் சென்னைக்கு உரியவை. வேறு ஊர் என்றால் அலுவலகங்களின் பெயர் மாறும், முறை மாறாது.

முதல் வேலை: சர்வே எண் பட்டியல்

இதழுக்குப் பெயர் வைப்பதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுப் பட்டாவைக் கேட்டு வாங்கி, கிராமப் பெயர், பிளாக், சர்வே எண், உட்பிரிவு எண் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலி மனைகள், பழைய கல்யாண மண்டபம், மூடிக் கிடக்கும் பட்டறை, குளம், வாய்க்கால், பூங்கா எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவையில் பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கூடவே உங்கள் மனைப்பிரிவின் அனுமதி வரைபடத்தையும் தேடிப் பிடியுங்கள். பழைய கிரயப் பத்திரங்களோடு யாராவது ஒருவர் ஜெராக்ஸ் வைத்திருப்பார். அதில் பூங்கா என்றும் பொது உபயோகம் என்றும் குறித்திருக்கும் இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000-லிருந்து 10,000 வரை என்றால் நிலமாகக் கொடுக்க முடியாதபோது பணமாகக் கட்ட வழி உண்டு. தாளில் பூங்காவாக இருக்கும் இடம் நேரில் வேலி போட்ட தனி மனையாக நிற்பதை இந்த ஒரு வரைபடம் காட்டிக் கொடுத்துவிடும். அப்படி ஒன்று தெரிந்தால் சும்மா விடாதீர்கள். நம் பிள்ளைகள் ஓடியாட வேண்டிய இடம் அது.

எது யாருடைய வேலை

புகார்கள் பாதிக்கு மேல் கிடப்பில் போவது தவறான ஆளிடம் போவதால்தான். இதை ஒரே தாளில் எழுதி, முதல் இதழோடு எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், கொசு மருந்து, தெருநாய், பூங்கா ஆகியவை மாநகராட்சி. புகார் எண் 1913, இல்லாவிட்டால் நம்ம சென்னை செயலி. ரோட்டில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. உள்தெரு மண்டல அலுவலகத்தின் கையில், பேருந்து போகும் சாலைகள் அதற்கென உள்ள தனிப் பிரிவின் கையில், சில பெரிய சாலைகளோ மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு ரோட்டுக்கும் நேராக எது யாருடையது என்று எழுதுங்கள்.

குடிநீரும் பாதாள சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியம், மக்கள் வாயில் மெட்ரோ வாட்டர். எண் 1916 அல்லது 044-45674567. உங்கள் பகுதிக்கான டிப்போ, அதாவது வாரியத்தின் உள்ளூர் அலுவலகம், எங்கே என்பதையும் போடுங்கள், ஏனென்றால் பாதி விஷயம் டிப்போவில் நேரில் போய்ப் பேசினால்தான் நகரும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை பகுதி அலுவலகங்களில் திறந்தவெளிக் கூட்டம் என்ற பெயரில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும், வரி, இணைப்பு, கழிவுநீர் என எதையும் அங்கே எழுதிக் கொடுக்கலாம். இப்படி ஒன்று நடப்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாமல் இருந்தது.

மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸின் கதவு திறந்து கிடந்தால், மின்கம்பி தொங்கினால் படம் எடுத்து உடனே சொல்லிவிடுங்கள், அடுத்த கூட்டம் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. எங்கே சொல்வதென்றே தெரியாதவற்றுக்கு முதல்வரின் உதவி மையம், 1100.

தெருவில் அழுக்குத் தண்ணீர் தேங்கும்போதுதான் பெரிய குழப்பம் வரும். மழைநீர் வடிகாலில் சாக்கடை கலந்திருந்தால் மாநகராட்சி மெட்ரோ வாட்டரைக் காட்டும், அங்கே கேட்டால் இது வடிகால் என்பார்கள். நாங்கள் கண்ட வழி இது: பொங்கி வருவது ரோட்டின் நடுவில் உள்ள மேன்ஹோல் மூடியிலா, ஓரத்தில் உள்ள வடிகால் பலகைக்கு அடியிலா என்று பார்த்து, அந்த இடம் தெரிய ஒரு படம், கதவு எண் தெரிய ஒரு படம், இரண்டையும் வைத்து ஒரே நாளில் இரண்டு இடத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். இரண்டு புகார் எண்களும் கையில் இருந்தால், இரண்டு அதிகாரிகளையும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு வரச் சொல்லிக் கவுன்சிலரிடம் கேட்க முடியும்.

சேதி எங்கிருந்து வரும்

தானாக வராது, தேடிப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு துறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செயலாளர் தலையில் கட்டினால் மூன்றாவது மாதம் இதழ் நின்றுவிடும்.

ஒருவர் தினமும் இரண்டு நாளிதழ்களின் உள்பக்க விளம்பரங்களைப் பார்க்க வேண்டும், கையில் அந்த சர்வே எண் பட்டியலோடு. நில உபயோக மாற்றம், டெண்டர், மின்தடை அறிவிப்பு எல்லாம் அங்கேதான் வரும். எங்களுக்கு இதைச் செய்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இன்னொருவர் வாரம் ஒருமுறை வார்டு அலுவலகத்துக்கும் டிப்போவுக்கும் போய், இந்த மாதம் நம் பகுதியில் என்ன வேலை என்று ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டு வர வேண்டும். புகாரோடு மட்டுமே போகாதீர்கள், வேலை நன்றாக முடிந்த அன்றைக்கும் போய் நன்றி சொல்லுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் பேசுங்கள், எந்த வண்டி எப்போது வரும், எந்தத் தெருவில் பிரிக்காத குப்பை வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அங்கன்வாடி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, நூலகம், அரசுப் பள்ளி இவற்றுக்கு மாதம் ஒருமுறை ஒருவர் போனால் போதும். தடுப்பூசி நாள், கண் பரிசோதனை முகாம், பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டைத் திருத்த முகாம் எல்லாம் கிடைத்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பது தெரியாமல், தனியாக இருக்கும் பெரியவர்கள் மூச்சு வாங்க நடந்து போய் வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சேதிக்காகவே இதழ் போடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்ட் எதையும் அப்படியே போடாதீர்கள். தேதி, இடம், யார் அறிவித்தது, இந்த மூன்றும் தெரியாவிட்டால் அது சேதி ஆகாது. சந்தேகம் என்றால் 1913-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் போச்சு. நாளை தண்ணீர் வராது என்று ஒரு பொய்த் தகவல் வந்தாலே தெரு முழுக்க லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டிவிடுவார்கள்.

எப்படி எழுதுவது

முதல் வரியிலேயே தேதி வரட்டும். அடுத்தது, யாருக்கு இது பொருந்தும். மூன்றாவது, என்ன செய்ய வேண்டும். எங்கள் இதழ்களில் வந்தது போல இரண்டு மாதிரி தருகிறேன்:

"ஏப்ரல் 30-க்குள்: சொந்த வீடு உள்ளவர்கள் ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டுச் சொத்துவரியை இந்தத் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். இணையத்தில் கட்டத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு வரி ரசீதோடு சங்க அறைக்கு வாருங்கள், உதவி செய்ய இரண்டு பேர் இருப்பார்கள்."

"வரும் சனிக்கிழமை: பழைய சோபா, மெத்தை, உடைந்த கட்டில் இருப்பவர்கள் காலி மனையில் போட வேண்டாம். மாநகராட்சி சனிக்கிழமைகளில் எடுத்துப் போகிறது. முன்கூட்டியே 1913-ல் பதிவு செய்யுங்கள்."

சொத்துவரிக்கு அடுத்த அரையாண்டில் இந்தத் தேதி அக்டோபர் 31. இந்த இரண்டு தேதிகளையும் வருடா வருடம் மறக்காமல் போடுங்கள், சங்கத்துக்குச் சந்தா கட்டத் தயங்குபவர்கூட இந்த உதவிக்கு அப்புறம் கட்டிவிடுவார்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், குறைந்தது 12 புள்ளி. தலைவர் உரை, வாழ்த்துச் செய்தி, பொன்னாடைப் படம் எல்லாம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, இடமே இரண்டு பக்கம்தான். அடியில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போடுங்கள். சந்தா பாக்கி வைத்தவர் பெயர், யாருடைய போன் எண், தனியாக இருப்பவர் வீட்டு எண், இவை எந்தக் காரணத்துக்காகவும் இதழில் வரக் கூடாது.

தாளா, வாட்ஸ்அப்பா

இரண்டும் வேண்டும். எங்கள் பகுதியில் 300 வீடு என்றால் அதில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய, அவர்கள் பெரும்பாலும் சங்கக் குழுவில் இருக்க மாட்டார்கள், ஆனால் தண்ணீர் நின்றால் அவர்களுக்கும்தான் நிற்கும். ஆகவே தாளை உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், சொந்தக்காரர் என்று பார்க்காமல் எல்லாக் கதவுக்கும் கொடுங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காமார்கள், இஸ்திரி வண்டிக்காரர், காவலாளி ஆகியோருக்கும் கொடுங்கள். மளிகைக் கடையிலும் பால் பூத்திலும் இரண்டு பிரதி ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் தனிக் குழு ஒன்று வைத்து, இதழின் படத்தோடு, படிக்க முடியாதவர்களுக்காக மூன்று நிமிட வாய்ஸ் நோட் ஒன்றும் போடுங்கள். பேச்சும் விவாதமும் வேறு குழுவில் நடக்கட்டும்.

நகரத் திட்டம்: இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள்

தெருவிளக்கு இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் எரியும். நில உபயோகம் ஒருமுறை மாறிவிட்டால் நம் காலத்தில் திரும்பாது. அதனால்தான் இதற்கென இதழில் ஒரு நிரந்தரப் பகுதி வைத்திருக்கிறோம்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, 2026 வரைக்கானது. அதன் தொடர்ச்சியாக வருவது 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம். இருபது வருடத்துக்கு எந்த இடம் குடியிருப்பு, எது வணிகம், எது திறந்தவெளி, எந்த ரோடு அகலமாகும் என்பதை இந்த மாதிரி ஆவணம்தான் முடிவு செய்கிறது. இப்படி ஒரு வரைவு வெளியாகும்போது நீங்கள் செய்ய வேண்டியது:

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணையும் வரைபடத்தில் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது, தாளில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். குளமும் வாய்க்காலும் முதலில். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் இப்போதைய நில உபயோகம் தெரியும். வித்தியாசம் இருக்கும் இடங்களை மட்டும் எடுத்து, படத்தோடு, ஒரு இடத்துக்கு ஒரு மனு என்று தனித்தனியாக எழுதுங்கள். பத்து குறையை ஒரே மனுவில் திணித்தால் ஒன்றுக்கும் நேரான பதில் வராது.

தனி மனைக்கு நில உபயோக மாற்ற விளம்பரம் வந்தால், ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் என்று அதிலேயே இருக்கும். அன்றைக்கே தெருக்காரர்களுக்குச் சொல்லுங்கள், மாத இதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவில் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதிப் பயனில்லை. ரோடு எத்தனை அடி அகலம், டேப் வைத்து அளந்து எழுதுங்கள். மழைக்கு எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எந்த வருடம், படத்தோடு. பக்கத்தில் பள்ளி இருந்தால் எத்தனை மீட்டரில். இப்படி அளவுகளோடு எழுதினால்தான் கோப்பில் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில் அனுமதி எண்ணோடு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரக் கட்டடம், அதற்கு விதிகள் வேறு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரையும் முதல் தளமுமான வீட்டுக்குச் சுயசான்றில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இதையும் இதழில் எழுதுங்கள், வீடு கட்டுகிறவர்களுக்கு அலைச்சல் மிச்சம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் வீண் சந்தேகம் வராது.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். பணி நடக்கும் பகுதியில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்து மாற்றமே வாராவாரச் சேதி. பள்ளி வேன், பேருந்து நிறுத்தம், ஆம்புலன்ஸ் நுழையும் வழி, இந்த மூன்றும் எங்கே மாறுகிறது என்று கையால் ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள்.

ஏரியா சபை

2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் அதற்குக் கீழே ஏரியா சபைகளும் உண்டு. சென்னையில் வார்டுக்குப் பத்து, மொத்தம் 200 வார்டு. முதல் கூட்டம் 2022 நவம்பர் 1-ல் நடந்தது. ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கிராமத்துக்காரர்களுக்குக் கிராமசபை என்றால் நகரத்துக்காரர்களுக்கு இதுதான், ஆனால் தெரிந்தவர்கள் குறைவு.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று வாரம் முன்னால் இதழில் ஒரு கட்டம் போட்டு, உங்கள் தெருவுக்கு முதலில் வேண்டிய ஒன்று என்ன என்று கேளுங்கள். பதில்களிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்; தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த நாளில் நாறுகிறது என்று துல்லியமாகச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான். டிசம்பர் கூட்டத்தை விடாதீர்கள், அடுத்த சில மாதத்தில் மாநகராட்சி பட்ஜெட் வரும்.

தெரு மக்களே கொஞ்சம் பணம் போட முடிந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போடும். பூங்கா, நூலகக் கட்டடம், நடைபாதை மாதிரி வேலைகளுக்குப் பொருந்தும்.

செப்டம்பர் இதழ், ரோடு, மழை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இரண்டுக்கும் இடையில் எங்கள் ரோடு பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போடப்பட்டு வாசற்படி இரண்டு கீழே போயிருந்தது. புது ரோடு போட வந்தால் முதலில் கேட்க வேண்டியது மில்லிங் செய்தீர்களா, அதாவது பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்தீர்களா என்பதைத்தான். வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே வாசற்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து படம் எடுத்து வையுங்கள், முடிந்த பிறகும் அளந்து பாருங்கள்.

செப்டம்பர் இதழ் முழுக்க மழைக்கே கொடுத்துவிடுங்கள். வடிகாலின் வண்டல் குழிகள் எத்தனை, எதைச் சுத்தம் செய்தார்கள், எது பாக்கி என்று தெருவாரியாகப் பட்டியல். தாழ்வான வீடுகள், படகு தேவைப்படக் கூடிய தெரு, மாடியில் இடம் தரச் சம்மதித்தவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், கர்ப்பிணிகள் பற்றிய விவரம் இதழில் வேண்டாம், சங்கத்தின் இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். அந்த மாதத்திலேயே ரோடு வெட்டும் வேலைகள் முடிந்து குழி மூடியதா என்று பாருங்கள், மழைக்காலத்தில் மாநகராட்சி ரோடு வெட்டை நிறுத்தி வைக்கும், திறந்த பள்ளம் அப்படியே நின்றால் ஆபத்து நமக்குத்தான்.

சொன்னது நடந்ததா

ஒவ்வொரு இதழிலும் கடைசிக் கால் பக்கம் இதற்கு. புகார் எண், கொடுத்த தேதி, நிலை. முடிந்தது என்றால் முடிந்தது என்று போடுங்கள். செயலியில் "தீர்க்கப்பட்டது" என்று வந்து நேரில் அப்படியே இருந்தால், படத்தோடு மறுபடி பதிவு செய்து புது எண்ணையும் போடுங்கள்.

மூன்று மாதமும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தெருவுக்கு இந்த ஆண்டு போட்ட பணி ஆணையின் நகல், மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (நடந்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) சம்பந்தப்பட்ட பக்கம். அளவுப் புத்தகத்தைக் கேட்ட மாதத்திலேயே எங்கள் ரோட்டின் விட்டுப்போன 40 அடி போடப்பட்டது.

பதிவு, பணம்

சங்கத்தைப் பதிவு செய்யாமல் இதழ் மட்டும் நடத்தலாம், ஆனால் மனுவுக்குக் கனம் வேண்டும் என்றால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள், ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். வருடா வருடம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் மாற்றம், இவற்றைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள்.

இதழ் செலவை நாங்கள் மளிகைக் கடை, மருந்துக் கடை விளம்பரத்தில் சமாளிக்கிறோம். கட்டுமான நிறுவனம், நிலத் தரகர், அரசியல் கட்சி, மூன்றிடமும் வாங்குவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். நாளைக்கு அதே காலி மனையைப் பற்றி எழுத வேண்டி வரும்போது கை கட்டிப்போகக் கூடாது இல்லையா.

தப்பாக ஒன்று போட்டுவிட்டால் அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள். ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்து, சர்வே எண் பட்டியலையும் மனை வரைபடத்தையும் ஒப்புகைகளையும் அதே கோப்பில் வையுங்கள். நிர்வாகம் மாறும்போது பொதுக்குழுவில் எல்லார் முன்னாலும் அந்தக் கோப்பைப் புதிய செயலாளரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.